ரிலீவர் வராத வீடு

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்த சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று செவ்வாய்க்கிழமை காலை வரை தெரியவில்லை. தோற்றது யார் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சண்டை இதுதான். என் மனைவி தமயந்தி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ‘பக்கத்துணை’ குழுவுக்கு மனுப் போட்டுவிட்டாள்.

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் ரிட்டயரான நர்ஸம்மாக்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் குழு அது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கே உடம்புக்கு முடியாமல் போனால், ஆறு வாரத்துக்குப் பகல் முழுக்க ஓர் ஆளை அனுப்பிவைப்பார்கள். காசு கிடையாது. ஆனால் இப்போதைக்கு அவர்களிடம் மிச்சமிருப்பது ஒரே ஓர் ஆள். கேட்டிருப்பது இரண்டு வீடு. யாருக்கு என்று முடிவு செய்ய, செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு நர்ஸ் வருவதாக ஏற்பாடு.

தமயந்திக்கு வந்திருப்பது ஹெர்னியா. என் அப்பா மருதாசலத்தைத் தூக்கித் தூக்கி வந்தது. பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்து நாலு வருஷமாகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. ஆபரேஷன் தேதியை இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. மூன்றாவது தேதி வருகிற திங்கட்கிழமை. இதையும் தள்ளினால் என்னிடம் வராதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்தால் ஆறு வாரம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. அப்பா எழுபத்தெட்டு கிலோ.

நீ தூக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நான் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். ஷிஃப்ட் வேலை. எங்களுக்கு வேதம் ஒன்றுதான்: ரிலீவர், அதாவது அடுத்த ஷிஃப்ட் ஆள், வந்து, லாக் புக்கில் கையெழுத்துப் போட்டு, பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. என் ரிலீவர் பத்து நிமிஷம் லேட்டாக வந்தால் நான் யூனியன் ஆபீஸ்வரை போவேன். என் வீட்டில் ஒருத்தி நாலு வருஷமாக ரிலீவர் இல்லாமல் நிற்கிறாள் என்பது எனக்கு உறைத்ததே வெள்ளிக்கிழமைதான். அதுவும் அவளே சொல்லி.

இந்த விஷயம் கடலூரில் இருக்கும் என் அக்கா கிருஷ்ணப்ரியாவுக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். போனில் உளறியது நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா வந்து இறங்கினாள்.

“எங்கப்பாவை எவளோ வந்து குளிப்பாட்டணுமாடா?” செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். கையில், வழியில் குள்ளஞ்சாவடியில் வாங்கிய முந்திரிப் பருப்புப் பொட்டலம். அப்பாவுக்குப் பல் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. போன தடவை அவள் வந்தபோது இருந்தது.

“வாங்க அண்ணி. காபி போடட்டுங்களா?” என்றாள் தமயந்தி. அந்த ‘வாங்க’ இருந்த குளிருக்கு, பக்கத்தில் உறை ஊற்றி வைத்திருந்த பால் தயிராகியிருக்காது.

“காபி இருக்கட்டும். ஆபரேஷனை ரெண்டு மாசம் தள்ளினா குடியா முழுகிடும்? எனக்கும்தான் வயித்துல இந்த மாதிரி இருந்துச்சு. கடைசில பாத்தா வாயு.”

“எனக்கு வாயு இல்லீங்க அண்ணி. இவ்ளோ நாளா வாய்தான் இல்ல.”

“கேட்டியாடா கணேசு?”

நான் எதையும் கேட்கவில்லை என்று காட்டுவதற்காகப் பேப்பரைப் பிரித்தேன். அது நேற்றைய பேப்பர்.

“சரிங்க அண்ணி. நீங்க ஆறு வாரம் இங்க வந்து இருங்க. மனுவ வாபஸ் வாங்கிடறேன்.”

“எனக்குக் குடும்பம் இல்லையா? பையனுக்குப் பரீட்சை வருது. அவரு ஹோட்டல்ல சாப்ட்டா ஒத்துக்காது...”

“ஆறு நாள்?”

அக்கா அப்பாவின் அறைக்குள் போனாள். அடுத்த நொடி உள்ளிருந்து ஒரு கூச்சல்.

“ஐயோ, இதென்ன கோலம்! எங்கப்பா எப்படி இருந்த மனுஷன்! வெளியாள் வர்ற நேரத்துல இப்படித்தான் வெச்சிருப்பியா?”

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அக்கா அப்பாவுக்கு ஷேவ் செய்தாள். தைலம் வைத்துத் தலையை வாரினாள். வெள்ளைச் சட்டை போட்டு, பையில் ஒரு பேனாவைக் குத்தினாள். நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஹாலில் மேஜைக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தோம். அவரை அப்படித் தூக்கியதில் என் இடுப்பில் ஏதோ கிளுக்கென்றது. வெளியே சொல்லவில்லை.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அக்காவிடம் நல்ல பேர் வாங்கும் ஆசை எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து உண்டு. பீரோவைத் துழாவி, அப்பாவின் பழைய அடையாள அட்டையை எடுத்து வந்து அவர் சட்டையில் மாட்டிவிட்டேன். மருதாசலம், ஃபோர்மேன்.

“மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்கப்பா!” என்றாள் அக்கா.

அப்பா குனிந்து அட்டையைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். எதிரே போட்டிருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

“எத்தன மணிக்கு?” என்றார்.

“பத்தரைக்குப்பா.”

“எனக்குக் காபி வேண்டாம்.”

தமயந்தி சமையலறை வாசலில் நின்று எங்கள் கைவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தக் கார்ட எடுத்துடுங்க. அவங்க நம்ம வூட்டு நிலவரத்தப் பாக்க வர்றாங்க. பொண்ணு பாக்க வரல.”

“ஒரு மரியாதைக்குத்தானே” என்றேன். என் வாழ்நாளில் நான் செய்த அசட்டுத்தனங்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

சரியாகப் பத்தரைக்கு ஸ்கூட்டர் சத்தம். ஆசிஃபா என்று பெயர் சொன்னார். முப்பத்தைந்து வயதிருக்கும். குழுவின் நர்ஸ். ஒரு ஃபைல், ஒரு பிரஷர் பார்க்கும் கருவி, அதிகம் சிரிக்காத முகம். இருபது கேள்வி கேட்பாராம். நோயாளி தானாகச் செய்துகொள்ள முடியாத ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து மார்க். அறுபதைத் தாண்டினால்தான் ஆள் வரும்.

“ஐயா, உங்க பேரு?”

“மருதாசலமுங்க. ஃபோர்மேன். டோக்கன் நம்பர் நாலு ஏழு ஒண்ணு ரெண்டு.”

நான் நிமிர்ந்தேன். அப்பா ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி எட்டு மாசமாகிறது.

“சாப்பாடு நீங்களே சாப்பிட்டுப்பீங்களா?”

“நானேதானுங்க.”

“இல்லீங்க மேடம், நான்தான் மசிச்சு ஊட்டிவிடறேன்” என்றாள் தமயந்தி.

“அவரைக் கேக்கறாங்கல்ல? நீ ஏன் குறுக்க வர்ற?” என்றாள் அக்கா.

ஆசிஃபா ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அப்பா வலது கையால் வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து, டம்ளரை மேஜையில் டக்கென்று வைத்தார். ஆசிஃபாவின் பேனா தாளில் எதையோ அடித்தது.

“வெளிக்கு, ஒண்ணுக்குப் போறதெல்லாம்?”

“ஒரு தொந்தரவும் இல்லீங்க.”

“மேடம், டயபர்...” என்று ஆரம்பித்தாள் தமயந்தி.

“பெத்த பொண்ணு நான் உக்காந்திருக்கேன். சபையில எதைப் பேசறதுன்னு இல்லையா?”

“நடப்பீங்களாய்யா?”

“டூட்டிக்கு சைக்கிள்லதானுங்க போறது.”

“பாருங்க, ஜோக்கெல்லாம் அடிக்கிறாரு!” அக்காவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

பிரஷர் பார்க்கத் துணிப்பட்டையைக் கையில் சுற்றியதும் அப்பா நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பார்வையை எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் நிறுத்தினார். யாரும் கேட்காமலே கணீரென்று சொல்ல ஆரம்பித்தார்.

“ஈ. எஃப், பி. டீ, ஓ, இஸட். எல், பி, ஈ, டி.”

“மேடம், இங்கிலீஷ்!” அக்கா கைதட்டாத குறை.

அது என்ன இங்கிலீஷ் என்று இந்த உலகத்தில் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மைன்ஸில் இருந்தவரை அப்பாவுக்கு ஆபீசரிடம் பயமில்லை, மண் சரிவிடம் பயமில்லை. மெடிக்கல் பரிசோதனை ஒன்றுக்குத்தான் பயம். நான் ஆறாவது படிக்கும்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கொளஞ்சிநாதன் மாமாவைக் கண் பார்வை போதாது, வேலைக்கு அன்ஃபிட் என்று ஆக்கிவிட்டார்கள். வேலையோடு குவார்ட்டர்ஸும் போய், கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டுச் சாமான்கள் லாரியில் ஏறின. கிரைண்டர், கட்டில், துளசிச் செடி. அப்பா வாசலில் நின்று லாரி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு மெடிக்கலுக்கு முன்பும், கண் பரிசோதனை அட்டையை மேலிருந்து கீழ்வரை மனப்பாடம் செய்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து ஒப்பிப்பார். தப்பு வந்தால் நான் குட்டலாம் என்று ஒப்பந்தம். மெடிக்கல் அன்று காலையில் காபி குடித்தால் பிரஷர் ஏறும் என்று தொட மாட்டார்.

ஃபைல், பிரஷர் கருவி, ஷேவ் செய்த முகம், சட்டையில் அட்டை. அப்பாவை நாங்களே ஜோடித்து மெடிக்கலுக்கு அனுப்பியிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் அவர் எழுந்து நின்றார்.

யாரும் பிடிக்கவில்லை. வலது கை மேஜை விளிம்பைப் பற்றியிருந்தது. முழங்கால் நடுங்கியது. ஐந்து விநாடி இருக்கலாம், ஆறு இருக்கலாம். நின்றார். அப்புறம் பொத்தென்று உட்கார்ந்தார்.

அக்கா அழுதேவிட்டாள். “எங்கப்பாடா! எங்கப்பா நின்னுட்டாருடா!”

தமயந்தி அழவில்லை. நாலு வருஷமாக ஒருவரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவள், அவர் இறங்கி நடந்து போவதைப் பார்த்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிஃபா என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க ஒண்ணுமே பேசலையே. ஏதாவது சொல்லணுமா?”

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அது அப்பா முப்பத்தைந்து வருஷம் பயந்து ஓடிய வார்த்தை. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் நோட்டை வைத்துக்கொண்டு சரி பார்ப்பதைப் பார்க்கிற மாதிரி.

“ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

ஆசிஃபா கூட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து. எங்கள் குடும்பத்தில் முப்பத்தைந்து வாங்கித் தேறுவது என் வழக்கம். முப்பத்தைந்து வாங்கித் தோற்றது இதுதான் முதல் தடவை.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்புவதற்குள் அக்கா தொடங்கிவிட்டாள்.

“நல்லாத்தானேடா இருக்காரு! இவதான் படுக்கப் போட்டு, டயபரக் கட்டி, நோயாளியா ஆக்கி வெச்சிருக்கா. ஊரெல்லாம் மனுப் போட்டு எங்கப்பா மானத்தை வாங்கறா.”

தமயந்திக்குச் சேத்தியாத்தோப்பு. டவுன்ஷிப்புக்கு வந்து பதினான்கு வருஷத்தில் பேச்சைத் தேய்த்துத் தேய்த்துப் பொதுவாக்கியிருந்தாள். கோபம் தலைக்கு ஏறினால் மட்டும் சொந்த ஊர் வெளியே வரும். வந்தது. அக்காவிடம் அல்ல, நேராக அப்பாவிடம் போய் நின்றாள்.

“நாலு வருசமா தூக்கிகினு, தொடச்சிகினு, திருப்பிப் போட்டுகினு கெடக்கறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எனக்காவ எழுந்து நின்னிருப்பீங்களா மாமா? ஃபைல தூக்கிகினு எவளோ வந்தா மட்டும் கால் வருதா?”

“வாய மூடு!” என்றாள் அக்கா.

“தமயந்தி, அப்பா வேணும்னு பண்ணலை” என்றேன் நான். “அவரு என்ன நெனச்சார்னா...”

“தெரியுங்க. மெடிக்கல்னு நெனச்சுக்கினாரு.”

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“காபி வேண்டாம்னாரே, அப்பவே புரிஞ்சிபோச்சு. ஒவ்வொரு தடவ பி.பி. பாக்கறப்பவும் எங்கிட்ட அந்த எழுத்தெல்லாம் ஒப்பிக்கறாரு. நான் சொன்னா வூட்டு மருமவ பொய் சொல்றான்னு ஆவும். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்.” அவள் குரல் இறங்கியது. “உங்களத்தான் பாத்துகினே நின்னேன்.”



அவள் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தாள். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்து, வகுப்பில் வாசிப்பது மாதிரி வாசித்தாள்.

“காலை மாத்திரை குடுத்தாச்சு. பன்னண்டரைக்கு ரசம் சாதம், நல்லா மசிச்சு. அவசரப்பட்டா புரையேறும். ஒரு மணிக்கு டயபர் மாத்தணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்கவெக்கணும், இல்லன்னா முதுகு புண்ணாவும். நாலு மணி மாத்திரை நீலக் கவர்ல. பெண்டிங் வேலை, அந்த வெள்ளைச் சட்டை. இன்னும் கொஞ்ச நேரத்துல டயபர் தாங்காம நனையும்.”

தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.

“கையெழுத்துப் போடுங்க.”

“என்னது இது?”

“ரிலீவர் கையெழுத்து. இல்லாம நகரக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? இன்னிக்கி ஒண்ணுக்கு ரெண்டு ரிலீவர் வந்திருக்கீங்க.”

விளையாட்டாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள்.

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது.

“ஏய், எங்க போற?” என்றாள் அக்கா.

“ஷிஃப்ட் முடிஞ்சிபோச்சுங்க அண்ணி.”

கேட் கொக்கி விழும் சத்தம் கேட்டது. வேப்ப மரங்களுக்குக் கீழே, டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட் பக்கமாக, அவள் வேகமாக நடந்து போனாள். ஒரு கையில் பை. இன்னொரு கை அடிவயிற்றைத் தாங்கியிருந்தது.

“வருவா, வருவா. கோவம் தணிஞ்சா வருவா” என்றாள் அக்கா. தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டாள். “எனக்கு ஒரு மணிக்கு பஸ்ஸு.”

அவள் வாயை மூடவில்லை, அப்பா நாற்காலியில் சரிய ஆரம்பித்தார்.

காலையில் தூக்கியது வேறு. அப்போது அவரும் கொஞ்சம் ஒத்தாசை செய்திருக்கிறார். இருந்த பலத்தையெல்லாம் அந்த ஐந்து விநாடியில் செலவழித்துவிட்டார். இப்போது நனைந்த மணல் மூட்டை. நான் அக்குளில் கை கொடுத்தேன். அக்கா காலைப் பிடித்தாள். பாதி வழியில் தரையில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினோம். வெள்ளைச் சட்டை, தமயந்தி எழுதிக்கொடுத்தபடியே நனைந்திருந்தது.

கட்டிலில் ஏற்றி முடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

“இவரு என்ன வெயிட்டுடா?”

“எழுபத்தெட்டு.”

“அவ?”

“ஐம்பத்திரண்டு.”

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “அதுக்காக இப்படிப் போட்டுட்டுப் போவாளா ஒருத்தி?” என்றாள். ஆனால் கைப்பையை எடுக்கவில்லை. ஒரு மணி பஸ் அவள் இல்லாமல் போனது.

எனக்கு ரெண்டு மணிக்கு செகண்ட் ஷிஃப்ட். கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தேன். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, “சார், வீட்ல எனக்கு ரிலீவர் இல்ல. வர முடியாது” என்றேன். மறுமுனையில் ஷிஃப்ட் இன்சார்ஜ் நெடுமாறன் சிரித்தார். நான் ஜோக் அடிப்பதாக நினைத்துக்கொண்டார். இப்படி ஒரு பேர் எடுத்துவைத்திருப்பதில் உள்ள கஷ்டம் இதுதான்.

அடுத்து தமயந்திக்கு அடித்தேன். ஃப்ரிட்ஜின் தலையில் அவள் போன் பாடியது.

மூன்றாவது போன் ஆசிஃபாவுக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். கொளஞ்சிநாதன் மாமா, லாரி, காபி, ஈ, எஃப், பி.

“மேஜையப் பிடிச்ச கை வெளுத்துப்போயிருந்துச்சு சார். கவனிச்சேன். அதனாலதான் உங்களக் கேட்டேன். நீங்க ஒண்ணும் இல்லன்னீங்க.”

“தப்புதாங்க.”

“ரிப்போர்ட்ட இன்னும் குடுக்கல. நாலு மணிக்கு மறுபடி வர்றேன். ஆனா அப்பவும் அவரு எழுந்து நின்னாருன்னா, நின்னாருன்னுதான் எழுதுவேன். அந்த இன்னொரு வீட்ல ஒரு அம்மா, பையனப் பாத்துக்கறாங்க. அவங்களுக்கும் பதில் சொல்லணும்ல? உங்கப்பாகிட்ட நீங்கதான் சொல்லிப் புரியவெக்கணும்.”

“சொல்றேங்க.”

“அப்பறம், விண்ணப்பம் உங்க மனைவி பேர்ல இருக்கு. மறு பரிசோதனைக்கு அவங்க கையெழுத்து வேணும். அஞ்சு மணிக்குள்ள. தாண்டிட்டா ஆளு அந்த வீட்டுக்குப் போயிடும்.”

போனை வைத்தேன். கூடத்து மேஜையில் கிடந்த காலண்டர் தாளில் என் கையெழுத்து அழகாக இருந்தது.

அப்பாவின் அறைக்குள் போனேன். அக்கா அவருக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி சட்டையில், பாதி தலையணையில். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் சட்டையிலிருந்து அந்த அட்டையைக் கழற்றினேன்.

“ரிசல்ட்டு?” என்றார் அப்பா.

அட்டையை என் பையில் போட்டுக்கொண்டேன். “அன்ஃபிட்ப்பா.”

அக்காவின் ஸ்பூன் நின்றது. “டேய், பாவி! என்னடா சொல்ற அவர்கிட்ட?”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வலது கை போர்வையைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு கண்ணைத் திறந்தார்.

“ஊட்டை எப்பக் காலி பண்ணோணும்?”

“காலி பண்ண வேண்டாம்ப்பா. குவார்ட்டர்ஸ் என் பேர்லதான் இருக்கு. உங்களை யாரும் போகச் சொல்ல மாட்டாங்க. நீங்க முடியாதுன்னு சொன்னாத்தான் நமக்கு ஆள் அனுப்புவாங்க. அதுக்குத்தான் வந்தாங்க.”

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பொய்யாக ‘சரி’ போட்டால் கண்டுபிடித்துவிடுகிற அதே பார்வை.

“அப்பறம் ஏண்டா தமயந்தி பையை எடுத்துட்டுப் போனா?”